சுழன்று சுழன்று சாகும் மீன்: மரியானே பிளேன் கண்டுபிடித்த பாதி விடை!

ஒரு மீன்குஞ்சு தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு வட்டமடிக்கிறது. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அது விளையாடவில்லை. நேராக நீந்தவே அதனால் முடியவில்லை. சுற்றிச் சுற்றிக் களைத்து, அடியில் போய் விழுகிறது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி சுற்றுகிறது. வால் பக்கம் மட்டும் கரி பூசியது போலக் கறுத்திருக்கிறது. இரை எடுக்க முடியாமல் பல குஞ்சுகள் சாகின்றன. பிழைத்தவற்றுக்குத் தலை கோணல், முதுகு வளைவு.

1890-களில் ஜெர்மனியில் டிரவுட் மீன் பண்ணை வைத்திருந்தவர்கள் இதைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. அதைத் தேடிப் போன மிகச் சிலரில் ஒருவர், சொந்த நாட்டில் முறையாகப் பல்கலைக்கழகத்தில் சேரவே அனுமதி இல்லாமல் இருந்த ஒரு பெண். பெயர் மரியானே பிளேன்.

மீன் நோயியல் படிப்பவர்கள் எல்லோரும் எங்காவது ஒரு பக்கத்தில் சந்திக்கும் பெயர் அது. இந்த நோயின் பாதிக் கதையை வெளியே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். மீதிப் பாதி தெரிய இன்னும் 80 வருஷம் ஆனது. அதற்குள் நோய் கடல் தாண்டிப் போய்விட்டது. யார் இவர்? அவர் பார்த்தது என்ன, பார்க்க முடியாமல் போனது என்ன?

அண்ணன்களுக்குத் திறந்திருந்த கதவு

1863 அக்டோபர் 30. அன்றைய மேற்குப் பிரஷ்யாவில் லுபோஹின் என்ற ஊரில் பிறந்தார் மரியானே. இன்றைக்கு அந்த இடம் போலந்தில் இருக்கிறது. நிலபுலன் உள்ள வசதியான குடும்பம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு துறையில் பெயர் எடுத்தார்கள். அண்ணன்கள் ஆல்பர்ட், ஃபிரெடரிக் இருவரும் டாக்டர்கள். ஆப்பிரிக்காவில் கேமரூனில் வேலை பார்த்து, மலேரியாவைப் பற்றி ஆய்வு செய்தவர்கள். தங்கை ரோஸ் ஓவியர்.

அண்ணன்கள் மருத்துவம் படிக்கப் போனபோது கதவு திறந்திருந்தது. மரியானேவுக்கு அதே கதவு மூடியிருந்தது. அந்தக் காலத்து ஜெர்மனியில் பெண்கள் முறையான மாணவர்களாகப் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. பவேரியா 1903-ல்தான் கதவைத் திறந்தது. பிரஷ்யா இன்னும் தாமதம், 1908.

அதுவரை காத்திருந்தால் அவருக்கு 45 வயது ஆகியிருக்கும். அவர் காத்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்துக்குப் போனார்.

ஏன் சூரிச்?

1860-களிலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஊர் சூரிச். ரஷ்யா, ஜெர்மனி என்று பல நாடுகளில் கதவு மூடப்பட்ட பெண்கள் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் பெரிய எழுத்தாளரான ரிக்கார்டா ஹூக்கும் அப்படி வந்தவர்தான். இருவரும் நெருங்கிய தோழிகள்.

மரியானே எடுத்துக்கொண்டது விலங்கியல். டாக்டர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது மீனை அல்ல. கடலில் வாழும் இலை போலத் தட்டையான ஒரு வகைப் புழுக்களை. பல கடல்களிலிருந்து மற்றவர்கள் சேகரித்துக் கொண்டுவந்த புழுக்களை நறுக்கி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதில் புதிய இனங்களை விவரித்தார். 1896-ல் பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு 30 வயதுக்கு மேல்.

பட்டம் கிடைத்தாச்சு. அடுத்து வேலை? ஜெர்மனியில் விலங்கியல் படித்த பெண்ணுக்கு இடம் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் ரொம்பக் குறைவு. அவருக்கு இடம் கிடைத்தது யாரும் பெரிதாக மதிக்காத ஒரு துறையில்.

மீன்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி

மியூனிக் நகரத்தில் புரூனோ ஹோஃபர் என்ற விலங்கியலாளர் ஒரு வித்தியாசமான வேலையைத் தொடங்கியிருந்தார். மாட்டுக்கு டாக்டர் உண்டு, குதிரைக்கு டாக்டர் உண்டு. மீனுக்கு? ஐரோப்பாவில் மீன் வளர்ப்பு ஒரு தொழிலாகவே மாறிக்கொண்டிருந்த நேரம் அது. நோய் வந்தால் குளம் குளமாகச் செத்தது. காரணம் சொல்ல ஆள் இல்லை. அதற்காகவே மியூனிக்கில் உருவானது மீன் ஆராய்ச்சி நிலையம். 1890-களின் கடைசியில் ஹோஃபரின் உதவியாளராகச் சேர்ந்தார் மரியானே பிளேன்.

வேலை எளிமையாகத் தெரியும். பண்ணைக்காரர்கள் நோய் வந்த மீனை அனுப்புவார்கள். இவர் அதை அறுத்துப் பார்க்க வேண்டும். செவுள், ரத்தம், குடல், சிறுநீரகம், மூளை எல்லாவற்றையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று பதில் எழுத வேண்டும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் புத்தகம் கிடையாது. அந்தப் புத்தகத்தையே இவர்கள்தான் எழுத வேண்டியிருந்தது. ஹோஃபர் தன் மீன் நோய்க் கையேட்டை 1904-ல்தான் வெளியிட்டார்.

இதில் ஒரு ஒற்றுமையைக் கவனிக்கலாம். அண்ணன்கள் மனித ரத்தத்தில் மலேரியாக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தங்கை மீன் ரத்தத்தில் ஒட்டுண்ணிகளைத் தேடினார். 1903-ல் கெண்டை வகை மீன்களின் ரத்தத்தில் நீந்தும் ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை விவரித்தார். டிரிபனோபிளாஸ்மா என்ற அந்த வகை இன்றும் மீன் நோய்ப் பாடங்களில் இருக்கிறது.

சரி, மீன் ஏன் சுற்றியது?

இங்கே கொஞ்சம் பின்கதை தேவை. ஐரோப்பிய ஆறுகளின் சொந்த மீன் பிரவுன் டிரவுட். ரெயின்போ டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தது. அது வேகமாக வளரும், பண்ணைக்கு ஏற்றது. அதனால் 1880-களில் ஜெர்மனிக்குக் கொண்டுவந்தார்கள். வந்த சில வருஷங்களிலேயே அதன் குஞ்சுகள் சுற்ற ஆரம்பித்தன. அதே தண்ணீரில் இருந்த பிரவுன் டிரவுட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

1903-ல் ஹோஃபர், நோயுற்ற மீன்களில் கண்ட ஒட்டுண்ணிக்குப் பெயர் வைத்தார். 1905-ல் பிளேன் அதைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். ஒட்டுண்ணி எங்கே உட்கார்ந்திருக்கிறது, திசுவை என்ன செய்கிறது என்பதெல்லாம் அதில் படிப்படியாக வந்தது.

விஷயம் இதுதான். நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கிறதே, குருத்தெலும்பு, அதுதான் இந்த ஒட்டுண்ணியின் சாப்பாடு. மீன்குஞ்சின் மண்டை ஓடும் முதுகெலும்பும் முதலில் பெரும்பாலும் குருத்தெலும்புதான். வளர வளரத்தான் அது எலும்பாக இறுகும். அதனால்தான் வளர்ந்த மீனைவிடக் குஞ்சுகளுக்கு ஆபத்து அதிகம். ஒட்டுண்ணி உள்ளே இருந்து அரிக்கிறது. மண்டை கோணுகிறது, முதுகு வளைகிறது. நிறத்தைக் கட்டுப்படுத்தும் நரம்பு நெருக்கப்படும்போது வால் கறுத்துப்போகிறது.

சுற்றுவது ஏன்? காதுப் பகுதியில் உள்ள சமநிலை உறுப்பைச் சுற்றிய குருத்தெலும்பு அரிக்கப்படுவதுதான் காரணம் என்று அந்தக் காலத்தில் விளக்கினார்கள். மூளைத்தண்டும் தண்டுவடமும் நெருக்கப்படுவதும் முக்கியக் காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. எப்படியானாலும், சேதத்தின் இடம் எலும்புக்கூடுதான் என்பதில் பிளேன் தவறவில்லை.

கடைசியில் மீனின் உடலில் மிச்சமாவது ஸ்போர்கள், அதாவது விதை மாதிரியான வித்துகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஒரே மீனில் லட்சக்கணக்கில் இருக்கும்.

அவருக்குக் கிடைக்காத பதில்

இந்த வித்து ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு எப்படிப் போகிறது? பண்ணைக்காரர்களுக்கு உண்மையில் வேண்டியது இந்தப் பதில்தான். இங்கேதான் கதை நின்றது.

கடல் மீன்களை அரைத்து டிரவுட்டுக்குத் தீவனமாகப் போடுவது அன்றைக்கு வழக்கம். அதன் வழியாக நோய் வருகிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. பின்னாளில் அது சரியில்லை என்று தெரிந்தது. நோயுள்ள மீனின் வித்தை எடுத்து நல்ல மீனுக்கு நேரடியாகக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் தோல்விதான். ஆனால் சேறு நிறைந்த மண்குளத்தில் விட்டால் மட்டும் குஞ்சுகளுக்கு நோய் வந்தது. சேற்றில் ஏதோ இருக்கிறது. என்ன அது? தலைமுறைகள் மாறியும் விடை இல்லை.

தப்பும் பண்ணினார், திருத்தியும் எழுதினார்

பிளேனைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு சம்பவத்தை விட்டுவிடக் கூடாது. 1905-ல் மீன் ரத்தத்தில் இன்னொரு சிறிய உயிரியைக் கண்டுபிடித்து, சங்குவினிகோலா என்று பெயர் வைத்தார். ரத்தத்தில் குடியிருப்பது என்று அர்த்தம். ஆனால் அதை எந்த இனத்தில் சேர்ப்பது? தட்டைப்புழுக்களில் சுதந்திரமாக வாழும் வகையைச் சேர்ந்தது என்று எழுதினார். டாக்டர் பட்டத்துக்கு அவர் வருஷக்கணக்கில் பார்த்ததும் அந்தப் பெரும்பிரிவுப் புழுக்களைத்தானே.

1908-ல் அவரே தன் முடிவை மாற்றி, இது நாடாப்புழு வகை என்று திருத்தி வெளியிட்டார். அதுவும் தப்பு! 1911-ல் ஓட்னர் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்தான் இது ரத்தத்தில் வாழும் ஒரு ஃப்ளூக் புழு என்று நிறுவினார்.

இரண்டு முறை தவறினாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்த்ததை அவர் அவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்திருந்தார். அதனால்தான் வேறொருவரால் அதைச் சரியான இடத்துக்கு நகர்த்த முடிந்தது. இனத்தின் பெயராக அவர் வைத்ததே இன்றும் நிற்கிறது.

சுழல் நோய் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அந்த ஒட்டுண்ணியை லெண்டோஸ்போரா என்ற புதிய பேரினத்தில் வைத்தார் பிளேன். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. இன்று அது மிக்ஸோபோலஸ் செரிபிராலிஸ். ஹோஃபர் 1903-ல் வைத்த பெயர்தான் திரும்பி வந்தது. பெயர் போனாலும் ஆய்வு போகவில்லை.

பவேரியாவின் முதல் பெண் பேராசிரியர்

1914-ல் பவேரிய அரசர் மூன்றாம் லுட்விக் அவருக்குப் பேராசிரியர் பட்டம் வழங்கினார். பவேரியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். அப்போது வயது 50-ஐத் தொட்டிருந்தது. பட்டம்தான் கிடைத்தது, பல்கலைக்கழகத் துறைத் தலைவர் நாற்காலி அல்ல. ஹோஃபர் 1916-ல் இறந்த பிறகு நிலையத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வரவில்லை. ரைன்ஹார்ட் டெமோல் என்ற விலங்கியலாளரிடம் போனது.

ஹோஃபர் உயிரோடு இருந்தபோதே, 1911-ல், ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து பிளேன் விவரித்த மீன் ஒட்டுண்ணிக்கு ஹோஃபரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். இக்தியோஃபோனஸ் ஹோஃபெரி என்ற அந்தப் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

1924-ல் தன் அனுபவம் முழுவதையும் மீன் நோய்களுக்கான ஒரு செய்முறைக் கையேடாக வெளியிட்டார். அதே வருஷம் டிரவுட்டின் சிறுநீரகத்தில் அமீபா போன்ற ஒரு உயிரி உண்டாக்கும் நோயையும் பதிவு செய்தார். அன்றைக்கு அது ஒரு சின்னக் குறிப்பு. அது என்னவாக மாறியது என்று கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

இரண்டு உலகப் போர்களையும் பார்த்துவிட்டு, 1946 ஜனவரியில் பவேரியாவில் காலமானார். வயது 82.

மீதிப் பாதி எங்கே இருந்தது?

பிளேன் இறந்து 38 வருஷம் கழித்து, 1984-ல், அமெரிக்க அரசின் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த கென் வுல்ஃப், மரியா மார்கிவ் இருவரும் விடையை வெளியிட்டார்கள். சேற்றில் இருந்தது ஒரு புழு. டியூபிஃபெக்ஸ்!

வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். மீன் தீவனமாகக் கடையில் கொத்துக் கொத்தாக விற்கும் அதே சிவப்புப் புழு. (பயம் வேண்டாம், இந்த நோய் சால்மன் குடும்ப மீன்களுக்கு மட்டுமே வரும். உங்கள் தொட்டி கப்பிக்கு வராது. மனிதர்களுக்கும் வராது.)

நடப்பது இதுதான். நோய் வந்த மீன் செத்ததும் அதன் வித்துகள் சேற்றில் சேர்கின்றன. புழு அவற்றைத் தின்கிறது. புழுவின் குடல் சுவரில் சுமார் மூன்று மாதத்தில் ஒட்டுண்ணி முற்றிலும் வேறு உருவம் எடுக்கிறது. மூன்று கைகள் விரிந்த நங்கூரம் போல் ஒரு மிதவை. அது தண்ணீரில் மிதந்து வந்து டிரவுட் குஞ்சின் தோலில் பட்டதும், சுருட்டி வைத்த நூலை எறிந்து ஒட்டிக்கொள்கிறது. உள்ளே புகுந்து, நரம்பு வழியாகக் குருத்தெலும்புக்குப் போகிறது.

அந்த நங்கூர உருவம் 1984-க்கு முன்பே தெரிந்த ஒன்று. 1899-லேயே பிராக் நகரத்து விலங்கியலாளர் அன்டோனின் ஷ்டோல்ட்ஸ் இந்த மாதிரி உயிரிகளைப் புழுக்களில் பார்த்து விவரித்திருந்தார். ஆனால் மீனில் இருப்பது வேறு, புழுவில் இருப்பது வேறு என்று இரண்டு தனி வகுப்புகளாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஒரு பாதி பிராக்கில், மறு பாதி மியூனிக்கில். நடுவில் கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருச்சி வரையிலான தூரம். இரண்டும் ஒரே உயிரி என்று தெரிய 80 வருஷத்துக்கு மேல் ஆனது. வுல்ஃபும் மார்கிவும் சொன்னபோதுகூடப் பலர் உடனே நம்பவில்லை.

இன்னொரு ட்விஸ்டும் உண்டு. பிளேன் காலத்தில் இவற்றை ஒற்றைச் செல் உயிரிகள் என்றே வகைப்படுத்தினார்கள். டிஎன்ஏ ஆய்வு வந்த பிறகு தெரிந்தது, இவை சொறி மீன்களின், அதாவது ஜெல்லி மீன்களின் உறவுக்காரர்கள்! அந்த எறியும் நூல், சொறி மீன் கொட்டப் பயன்படுத்தும் அமைப்பின் சொந்தம்தான்.

ஆறுகள் கொடுத்த விலை

பாதிப் பதில் மட்டுமே கையில் இருந்த காலத்தில் மீன் வியாபாரம் மட்டும் நிற்காமல் நடந்தது. அமெரிக்காவிலிருந்து மீன் ஐரோப்பாவுக்கு வந்தது. ஐரோப்பாவின் ஒட்டுண்ணி 1950-களில் அமெரிக்காவில் தென்பட்டது. முதலில் பென்சில்வேனியா மாநிலப் பண்ணைகளில். பண்ணையில் சமாளித்துவிடலாம். மண்குளத்தைக் கான்கிரீட் தொட்டியாக மாற்றினால் புழுவுக்கு இடமில்லை. ஆனால் ஆற்றுக்குக் கான்கிரீட் போட முடியுமா?

1994 டிசம்பரில் மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆற்றில் சுழல் நோய் உறுதியானது. உலகம் முழுக்க இருந்து தூண்டில்காரர்கள் தேடி வரும் ஆறு அது. அதன் சில பகுதிகளில் காட்டு ரெயின்போ டிரவுட்டின் எண்ணிக்கை சுமார் 90% சரிந்திருந்தது. பெரிய மீன்கள் கரையில் செத்துக் கிடக்கவில்லை. குஞ்சுகள் வளரவில்லை, அவ்வளவுதான். வருஷா வருஷம் புதிய தலைமுறையே வரவில்லை. அதனால்தான் சட்டென்று யாருக்கும் தெரியவும் இல்லை.

சேற்றில் விழுந்த வித்து வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பறவையின் வயிற்றைத் தாண்டியும் பிழைக்கும். தூண்டில்காரரின் ஷூவில் ஒட்டிய சேற்றோடு அடுத்த ஆற்றுக்கும் போகும். ஒரு ஆற்றிலிருந்து கிளம்பும்போது ஷூவையும் படகையும் கழுவிக் காயவைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

நல்ல செய்தியும் உண்டு. ஜெர்மனியில் தலைமுறை தலைமுறையாக இந்த நோயோடு வாழ்ந்து பழகிய ஒரு பண்ணை ரெயின்போ இனத்துக்கு நோயைத் தாங்கும் திறன் இருப்பது தெரியவந்தது. 2000-களில் கொலராடோ மாநிலத்தில் அதை உள்ளூர் இனங்களோடு கலந்து ஆறுகளில் விட ஆரம்பித்தார்கள். ஜெர்மன் பண்ணைகளில் அன்று சுற்றிச் சுற்றிச் செத்தது போக, தப்பிய மீன்களின் வாரிசுகள் தாய்நாடு திரும்பியிருக்கின்றன.

1924-ல் எழுதிய அந்தக் குறிப்பு

சிறுநீரக நோய் என்று சொன்னோமே, அதற்கு வருவோம். இன்றைக்கு அதன் பெயர் பிகேடி. அதன் ஒட்டுண்ணியும் சுழல் நோய்க்காரனின் சொந்தக்காரன்தான். அதற்கும் இன்னொரு வீடு உண்டு. நீரடிக் கற்களிலும் வேர்களிலும் பாசி போல ஒட்டி வாழும் பிரையோசோவா என்ற சின்னஞ்சிறு விலங்குக் கூட்டம். இது தெரிந்தது 1999-ல்.

இந்த நோய்க்கு வெப்பம் கூட்டாளி. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில வாரங்கள் தொடர்ந்து இருந்தால் மீன்கள் சாகத் தொடங்கும். சுவிட்சர்லாந்து ஆறுகளில் 1980-களுக்குப் பிறகு பிரவுன் டிரவுட் பிடிபடுவது பாதிக்கும் கீழே போனதற்கான காரணங்களில் ஒன்றாக இது அடையாளம் காணப்பட்டது. மரியானே படித்த அதே நாடு! 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஆற்றில் டிரவுட்டின் உறவுக்கார இனமான வொயிட்ஃபிஷ் ஆயிரக்கணக்கில் செத்தபோது, சுமார் 295 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றையே மூடினார்கள். காரணம் இதே பிகேடி. ஆறுகள் சூடாகச் சூடாக, அந்தச் சின்னக் குறிப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது.

நமக்கு இதில் என்ன?

ரெயின்போ டிரவுட் நமக்கு அந்நியமானது இல்லை. ஐரோப்பாவுக்குப் போன அதே மீனை 1900-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் நீலகிரிக்கும் கொண்டுவந்தார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் அதற்காகத் தொடங்கிய குஞ்சு பொரிப்பகம் இன்றும் இருக்கிறது. மீனை இடம் மாற்றுவது அன்றைக்கு யாரும் இரண்டாம் முறை யோசிக்காத வேலை. இன்று நாடு விட்டு நாடு மீன் கொண்டுபோக நோய்ப் பரிசோதனை, தனிமைப்படுத்தல், சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள். இந்த மாதிரி அனுபவங்கள்தான் அதற்குக் காரணம்.

பரிசோதிக்க வேண்டுமென்றால் எதைத் தேடுவது, மீனின் எந்தப் பாகத்தில் தேடுவது என்று முதலில் தெரிய வேண்டும். சுழல் நோய்க்கு இன்றும் ஆய்வகங்கள் முதலில் எடுப்பது மீனின் தலையைத்தான். அதன் குருத்தெலும்பில்தான் வித்துகளைத் தேடுகிறார்கள். 1905-ல் மியூனிக்கில் மரியானே பிளேன் மைக்ரோஸ்கோப்பை வைத்துப் பார்த்த அதே இடத்தில்.